எவ்வளவு காலமாக?

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் தந்தை ஒருவர் தம் மகனை ஆண்டவரிடம் கொண்டு வருகிறார். அப்பையன் தரையில் விழுகிறான். வாயில் நுரை தள்ளுகிறது. உடல் விறைத்துப் போகிறது. சீடர்கள் முயன்று பார்த்துத் தோற்று நிற்கிறார்கள். மறைநூல் அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே வந்து சேரும் ஆண்டவர், பையனைக் குணமாக்குவதற்கு முன் தந்தையை நோக்கி ஒன்றைக் கேட்கிறார். இந்நிலை ஏற்பட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதே அக்கேள்வி. சிறு வயது முதலே என்று தந்தை மறுமொழி கூறுகிறார்.

25 ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதியை வைத்து மறையுரை ஆற்றி வந்திருக்கிறேன். தந்தையின் தடுமாறும் நம்பிக்கையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். சீடர்களின் இயலாமையைப் பற்றியும், செபத்தின் வல்லமையைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் எளிதாகத் தாண்டிச் சென்றிருக்கிறேன். எல்லாம் அறிந்தவர் அதை ஏன் கேட்கவேண்டும் என்று ஒரு நாளும் நின்று எண்ணியதில்லை. அதை எனக்குக் கற்பித்தவர் ஒரு தாய்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கு ஒன்றில் 19 வயது இளைஞன் ஒருவன் இருந்தான். சிறு வயதில் பீடச் சிறுவனாக எனக்குத் துணை நின்றவன்; பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அவன் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினான். இரவெல்லாம் உறங்காமல் நடந்தான். அக்கம்பக்கத்தார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லி அறைச் சன்னலில் செய்தித்தாளை ஒட்டி மறைத்தான். அவன் தாய் என்னிடம் வந்து அழுதார். நான் அவன் தலைமேல் கை வைத்துச் செபித்தேன். மந்திரித்த தண்ணீர் கொடுத்தேன். "தேர்வு பயமாக இருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் அம்மா" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். பிறகு அவனை ஒரு தியான இல்லத்திற்கு அழைத்துப் போனார்கள். பிறகு உறவினர் ஒருவர் செய்வினை என்றார். பிறகு பெண் பார்க்கத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, அவன் தந்தையை அடித்துக் காயப்படுத்திய பின்னரே, மனநல மருத்துவரிடம் கொண்டு சென்றோம். நானும் உடன் சென்றேன். மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறான் என்பதுதான். தாய் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். "மூணு வருஷமாச்சு டாக்டர். சாமிகிட்ட அப்பவே சொன்னேன்" என்றார்.

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னார். ஆயினும் அச்சொற்கள் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன. 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று நாம் நாவினிக்கச் சொல்லும் சொற்றொடருக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பொறுமை நற்பண்புதான். பிறருடைய நோயை வைத்துக்கொண்டு நாம் காட்டும் பொறுமை நற்பண்பு அன்று.

வயது சொல்லும் செய்தி

மனநோய்கள் பெரும்பாலும் முதுமையில் வருவன அல்ல. உலகெங்கும் நடந்த 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 14 வயதுக்குள்ளும், ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள்ளும், 60 விழுக்காட்டுக்கு மேல் 25 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் கொடியது எனப்படும் மனச்சிதைவு நோய், பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவதே வழக்கம். நம் பிள்ளைகள் உறுதிபூசுதல் பெற்று, கல்லூரிக்குச் சென்று, வேலை தேடி, திருமணத்தை எதிர்நோக்கும் அதே ஆண்டுகள் அவை.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் பொறுத்துப் பார்த்த உலகந்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின், இந்நோயை இளமையிலேயே தொடங்கும் அறிவுத்தேய்வு என்று பெயரிட்டு வகைப்படுத்தினார். தேய்வு என்று பெயரிட்ட பின் மீட்சியை எதிர்பார்ப்பார் யார்? பெயரே தீர்ப்பாயிற்று. 1927இல் அமெரிக்க மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன், நோய் முற்றியவர்களை நாம் மிகுதியாகக் காண்கிறோம், தொடக்க நிலையில் இருப்போரையோ அரிதாகவே காண்கிறோம் என்னும் கருத்தை எழுதினார். அவர் குரலுக்குச் செவிசாய்க்க உலகம் ஏறத்தாழ 60 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

1980களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், அயர்லாந்தில் பிறந்த பாட்ரிக் மெக்கோரி என்னும் மருத்துவரும் அவர்தம் தோழர்களும் ஓர் எளிய உண்மையைக் கண்டார்கள். முதன்முறையாக நோயுற்ற 18 வயது இளைஞனை, பல்லாண்டுகளாக விடுதியிலேயே கிடக்கும் முதிய நோயாளிகளுக்கு நடுவே படுக்க வைத்தால், தன் எதிர்காலம் இதுவே என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். எனவே 1992இல் முதல்முறை மனப்பிறழ்வுக்கு உள்ளாகும் இளைஞர்களுக்கென்றே தனி மையம் ஒன்றைத் தொடங்கினர். நோய் முழுமையாக வெளிப்படுமுன், அதன் நிழல் மட்டும் தெரியும் நிலையில் இருப்போருக்காக 1994இல் இன்னொரு மருத்துவமனையையும் திறந்தனர். அந்த விதையிலிருந்தே இன்று பல நாடுகளில் நடைபெறும் தடுப்பு ஆய்வுகள் கிளைத்தன. 2010ஆம் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராக மெக்கோரி தெரிவு செய்யப்பட்டார்.

நார்வே நாட்டின் படிப்பினை

இந்த ஆய்வாளர்கள் அளந்து பார்த்த முதன்மையான அளவு, மருந்தின் அளவு அன்று, காலத்தின் அளவு. முதல் மனப்பிறழ்வுக் குறி தோன்றிய நாளுக்கும், தக்க சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு? இதனைச் சிகிச்சையற்ற காலம் என்பர். ஆண்டவர் அந்தத் தந்தையிடம் கேட்ட கேள்வியே இங்கே அறிவியலின் கேள்வியாகவும் ஆகிறது.

இக்காலம் நீள நீள நோயின் போக்கு மோசமாகிறது என்பதை 2005இல் வெளிவந்த இரு பெரும் தொகுப்பாய்வுகள் காட்டின. உடனே ஒரு தடை எழுந்தது. மெல்ல மெல்ல அரித்து வரும் கொடிய வகை நோய், இயல்பாகவே எவர் கண்ணிலும் படாமல் நெடுநாள் மறைந்திருக்கும். அவ்வாறாயின் தாமதத்தால் நோய் கொடிதாயிற்றா, நோய் கொடிதாகையால் தாமதமாயிற்றா? நேர்மையான கேள்விதான். இதற்கு விடை காண நார்வே நாட்டார் ஒரு முயற்சியை 1997 முதல் 2000 வரை மேற்கொண்டனர்.

அந்நாட்டின் ரோகலாண்ட் மாவட்டத்தில் செய்தித்தாள்கள், வானொலி, திரையரங்குகள் வழியாக இந்நோயின் தொடக்கக் குறிகளை மக்களுக்கு அறிவித்தனர். ஆசிரியர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் பயிற்சி அளித்தனர். யார் தொலைபேசியில் அழைத்தாலும் ஒரு நாளுக்குள் வந்து பார்க்கும் குழுக்களை அமைத்தனர். ஒப்பிடுவதற்காக ஆஸ்லோவின் ஒரு பகுதியையும் டென்மார்க்கின் ரோஸ்கில்டே பகுதியையும் எடுத்துக்கொண்டனர். அங்கெல்லாம் இந்த அறிவிப்புகள் இல்லை. ஆனால் நோயாளி வந்து சேர்ந்த பின் அளிக்கப்பட்ட சிகிச்சை எங்கும் ஒரே வகையினது. மருந்து ஒன்றே, ஆற்றுப்படுத்தல் ஒன்றே, குடும்பத்தாருக்கான வழிகாட்டலும் ஒன்றே. வேறுபாடு, எவ்வளவு விரைவில் வந்தார்கள் என்பதில்தான்.

விளைவு என்ன? ரோகலாண்டில் சிகிச்சையற்ற காலத்தின் இடைநிலை அளவு 5 வாரங்கள்; மற்ற இடங்களில் 16 வாரங்கள். பத்து ஆண்டுகள் கழித்து இவர்களை மீண்டும் தேடிச் சென்று பார்த்தார்கள். நோய்க்குறிகள் அடங்கி, தம் காலில் நின்று, வேலையும் உறவும் கொண்டு வாழ்ந்தோர் ரோகலாண்டில் ஏறத்தாழ 31 விழுக்காடு. மற்றப் பகுதிகளில் 15 விழுக்காடு. இரு மடங்கு!

இன்னொரு செய்தியும் உண்டு. பொது அறிவிப்புகளை நிறுத்தியவுடன் ரோகலாண்டிலேயே அந்த 5 வாரம் 15 வாரமாக ஏறிவிட்டது. மருத்துவர்கள் அங்கேயே இருந்தனர். மருத்துவமனையும் அங்கேயே இருந்தது. பேச்சு நின்றது, தாமதம் திரும்பி வந்தது. மக்கள் வாய்திறந்து பேசுவதே இங்கே முதல் மருந்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஞாயிறுதோறும் நூற்றுக்கணக்கானோர் முன் நின்று பேசும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்போமாக.

அறிவியலின் அடக்கம்

இங்கே என் எதிர்வாதிகளுக்கும் நியாயம் வழங்கவேண்டும். கற்றறிந்த நண்பர்கள் சிலர், 'வருமுன் காப்போம் என்பது வெறும் பகட்டு. யாருக்கு நோய் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. நலமாயிருக்கும் பிள்ளைகளுக்கு மருந்தையும் முத்திரையையும் கொடுப்பதே இதன் முடிவு' என்கின்றனர். இவ்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது.

அபாய நிலையில் இருப்பவர் என்று மருத்துவர்களால் இனங்காணப்பட்டவர்களுள் கூட, மூன்று ஆண்டுகளில் முழு நோய்க்கு ஆளானோர் ஏறத்தாழ 36 விழுக்காட்டினரே என்று 2012இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதாவது மூவரில் இருவர் அந்த எல்லையைத் தாண்டவில்லை. மெல்பர்னில் 59 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த அளவு மருந்தும் ஆற்றுப்படுத்தலும் சேர்ந்து ஆறு மாதங்களில் நோயைத் தள்ளி நிறுத்தின. அடுத்த ஆறு மாதங்களில் அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்ல இயலாத அளவுக்குத் தேய்ந்தது. வியன்னாவில் 81 இளைஞர்களிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தபோது உலகமே வியந்தது. 12 வாரங்கள் மீன் எண்ணெய் உட்கொண்ட 41 பேரில் ஓராண்டுக்குள் நோயுற்றோர் இருவர். வெற்று மாத்திரை உண்ட 40 பேரில் 11 பேர். ஆனால் பல நாடுகளில் 304 பேரிடம் அதே முறையைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டபோது, மீன் எண்ணெயால் எவ்விதப் பயனும் தென்படவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலிலும், இந்த அபாய நிலை ஒரு நோயாக ஏற்கப்படவில்லை. மேலும் ஆராயப்பட வேண்டியவற்றின் பட்டியலில் வைக்கப்பட்டது.

தன் தோல்வியைத் தானே அச்சிட்டு வெளியிடும் இந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். குணமடைந்தவரை மட்டும் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்துவிட்டு, குணமடையாதவரைக் கணக்கில் எடுக்காத நம் பழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். 'மாத்திரையை விட்டுவிட்டேன், சுகமானேன்' என்று ஒலிபெருக்கியில் முழங்கிய இளைஞன் மூன்றாம் மாதம் எங்கே இருக்கிறான் என்று கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

இந்தத் தோல்விகள் எதை மெய்ப்பிக்கின்றன? நோய் இல்லாதவருக்கு அவசரப்பட்டு மருந்து கொடுக்காதே என்பதை மெய்ப்பிக்கின்றன. நோய் வந்துவிட்டவரை மூன்றாண்டு மறைத்து வை என்பதை மெய்ப்பிக்கவில்லை. வருமுன் தடுப்பது இன்னும் கைகூடாத கனவாயிருக்கலாம். வந்தவுடன் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. மருத்துவரிடம் காட்டுவது வேறு. மருந்து உண்பது வேறு. அபாய நிலையில் உள்ள பிள்ளைக்கு முதலில் வேண்டியது பரிவோடு கேட்கும் செவியும், ஒழுங்கான உறக்கமும், தொடர்ந்து கவனிக்கும் ஒருவருமே என்பதை அம்மருத்துவர்களே சொல்கின்றனர்.

தடுக்கக்கூடிய காரணம் ஒன்றேனும் நமக்கு நன்கு தெரியும். சுவீடன் நாட்டில் 1969, 1970ஆம் ஆண்டுகளில் படைக்குத் தெரிவான 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 50 முறைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தோருக்கு, புகைக்காதவரைவிட ஆறு மடங்கு மிகுதியாக மனச்சிதைவு நோய் கண்டதென்று 1987இல் எழுதினர். புகைத்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் எவருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வாரும் இல்லை. மது ஒழிப்பைப் பற்றி மறையுரை ஆற்றும் நாம், ஆலயச் சுற்றுச்சுவருக்குப் பின்னால் புகையும் கஞ்சாவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நம் சாக்குப்போக்குகள்

முதற் சாக்கு, பேய். காத்துக் கருப்பு, செய்வினை, சாபம் என்று அதற்குப் பல பெயர்கள். இப்பெயர்களைச் சொல்லிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைவோர், தாம் திருச்சபையின் வழியில் நடப்பதாக எண்ணுகின்றனர். திருச்சபை கற்பிப்பதோ வேறு. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே, ஒருவரைப் பேய் பிடித்தவர் என்று எளிதில் நம்பிவிடலாகாது என எச்சரித்தது. 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, நோய், குறிப்பாக உளநோய், பேயோட்டுதலுக்கு உரிய பொருளன்று, அது மருத்துவத்துக்குரியது என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. 1999இல் வெளியான புதிய பேயோட்டும் சடங்கு நூலும் அதையே வற்புறுத்துகிறது. திருச்சபைச் சட்டம் 1172, ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டக் கூடாது என்கிறது. அப்படியிருக்க, 19 வயதுப் பெண்பிள்ளையின் முடியைப் பற்றி உலுக்கிப் பெயர் கேட்கும் உரிமையை இவர்களுக்குக் கொடுத்தது யார்?

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி 28 பேர் மாண்டனர். பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் எழுந்து ஓடவும் இயலவில்லை. அன்று நமக்கு ஆண்டவரின் உருமாற்ற விழா. மலைமேல் உருமாறிய ஆண்டவர் கீழே இறங்கி வந்தபோது எதிர்ப்பட்டவன்தான் நாம் தொடக்கத்தில் கண்ட பையன் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஏர்வாடி பிறர் ஊர் என்று சொல்லி நாம் தப்பிக்க இயலாது. எல்லாச் சமயத்தாரும் அங்கே தம் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டனர்; நம் திருத்தலம் ஒன்றின் வளாகத்திலும் மரத்தோடு கட்டப்பட்ட இளைஞனை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்கிறது.

இரண்டாம் சாக்கு, கால்கட்டு. ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் ஊர்ப் பெரியவர்களின் மருத்துவம். நோயுற்றவர் திருமணம் செய்யலாகாது என்று நான் சொல்லவில்லை. சிகிச்சை பெற்று நல்ல இல்லறம் நடத்துவோரை அறிவேன். நோயை மறைத்துப் பிறர் வீட்டுப் பிள்ளையைப் பலி கொடுப்பதையே சொல்கிறேன். இணைவாழ்வை வெகுவாகக் குலைக்கக்கூடிய ஒன்றை வஞ்சகமாய் மறைத்துப் பெற்ற சம்மதம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம் 1098. மூன்று முறை திருமண ஓலை வாசிக்கும் நாம், இதனை ஒரு முறையேனும் விளக்கியிருக்கிறோமா?

மூன்றாம் சாக்கு, வெட்கம். வீட்டில் இப்படி ஒருவன் என்று தெரிந்தால் தங்கைக்கு வரன் வருமா என்று தாய் அஞ்சுகிறாள். அவ்வச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். அதை உண்டாக்கியவர்கள் நாம்தாம். வளர்ப்புச் சரியில்லை, பெற்றோர் செய்த பாவம் என்று புறம் பேசியவர்கள் நாம்தாம். தாயின் வளர்ப்பே இந்நோய்க்குக் காரணம் என்று ஒரு காலத்தில் சில மருத்துவர்களும் எழுதினர். அக்கருத்து ஆதாரமற்றதென்று கைவிடப்பட்டுவிட்டது. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று கேட்ட சீடர்களுக்கு ஆண்டவர் இருவரும் அல்லர் என்றே விடையளித்தார். நாம் இன்னும் சீடர்களின் கேள்வியிலேயே நிற்கிறோம்.

நான்காம் சாக்கு எங்களைப் போன்ற குருக்களுக்கே உரியது. திடீரென ஓர் இளைஞன் நள்ளிரவு வரை விவிலியம் வாசிக்கிறான். உண்ண மறுத்து நோன்பிருக்கிறான். இறைவன் தன்னிடம் மட்டும் பேசுவதாகச் சொல்கிறான். தேவ அழைத்தல் என்று நாங்கள் மகிழ்கிறோம். சில வேளைகளில் அழைத்தலாகவும் இருக்கலாம். ஆனால் அவன் குளிப்பதை விட்டுவிட்டானா, நண்பர்களைத் துறந்துவிட்டானா, உறக்கம் இழந்தானா, காரணமின்றி எவர் மீதும் ஐயம் கொள்கிறானா என்று நாங்கள் கேட்பதில்லை. பக்தி அன்பைப் பெருக்கும். நோய் மனிதனை ஒடுக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சி எங்களுக்கு வேண்டும்.

குடும்பம் என்னும் வரம்

இத்தனையும் சொன்ன பிறகு நம்மைப் பற்றிய ஒரு நற்செய்தியையும் சொல்லவேண்டும். சாரதா மேனன் அவர்கள் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது ஸ்கார்ஃப், கனடாவின் மான்ட்ரியால் நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து, முதல்முறை நோயுற்ற இளைஞர்களை இரு நகரங்களிலும் ஒரே முறையில் இரண்டு ஆண்டுகள் கவனித்தது. செல்வமும் வசதியும் மிகுந்த மான்ட்ரியாலைவிடச் சென்னையில் குடும்பத்தார் சிகிச்சையோடு நெருங்கி நின்றனர். தொடர்ந்து உடன் வந்தனர். ஊக்கம் குன்றல், உணர்வு மங்கல், ஒதுங்கியிருத்தல் ஆகிய குறிகள் சென்னை நோயாளிகளிடம் கூடுதலாகக் குறைந்தன.

இது பெருமைக்குரியது, வெட்கத்துக்கும் உரியது. நம் குடும்பங்களுக்கு இருக்கும் பெரும் ஆற்றலை, பிள்ளையைக் குணமாக்கப் பயன்படுத்தினால் உலகமே வியக்கும் பயன் கிடைக்கிறது. அதே ஆற்றலை நாம் பெரும்பாலும் பிள்ளையை மறைத்து வைக்கவே செலவிடுகிறோம். சென்னை நகரில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்றில், மனச்சிதைவு நோயுற்றோரில் நால்வருக்கு ஒருவருக்கும் மேற்பட்டோர் ஒருமுறையேனும் சிகிச்சை பெறாதவர்கள் என்று தெரிந்தது. மருத்துவர் இல்லாத காட்டில் அன்று, மருத்துவமனைகள் நிறைந்த நகரிலேயே இந்நிலை!

இனி என்ன செய்வது?

மருத்துவம் நமக்குத் தொலைவில் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் முதன்முதல் தொடங்கிய மாவட்டங்களுள் நம் திருச்சியும் ஒன்று. புதுக்கோட்டைச் சிற்றூர்களுக்கு 2010 முதல் பேருந்திலேயே மனநல மருத்துவம் சென்றது. 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். இல்லாதது வழியன்று, அவ்வழியில் முதல் அடி எடுத்து வைக்க உடன் வரும் ஆள்தான்.

ஆகவே என் உடன் குருக்களை வேண்டுகிறேன். ஒரு தாய் அழுதுகொண்டு வந்தால் செபியுங்கள். செபித்த கையோடு, எவ்வளவு காலமாக என்று கேளுங்கள். அந்த வாரத்திற்குள்ளேயே அவர்களோடு மருத்துவரிடம் செல்லுங்கள். தியான இல்லங்களை நடத்துவோரை வேண்டுகிறேன். எவரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். சொல்பவருக்கு மேடை தராதீர்கள். மறைக்கல்வி ஆசிரியர்களை வேண்டுகிறேன். கலகலப்பாயிருந்த பிள்ளை ஒதுங்கிப் போனால், பாடத்தில் சரிந்தால், தனக்குத்தானே பேசினால், அதைக் குறும்பென்றும் சோம்பலென்றும் கணக்கில் எழுதாதீர்கள். அன்பியத்தாரை வேண்டுகிறேன். காய்ச்சல் கண்ட வீட்டுக்குக் கஞ்சி கொண்டு செல்லும் நீங்கள், இந்த வீட்டை மட்டும் ஏன் தாண்டிப் போகிறீர்கள்? பெற்றோரை வேண்டுகிறேன். எவரிடமும் சொல்ல இயலாவிட்டால் மருத்துவர் ஒருவரிடமேனும் சொல்லுங்கள்.

அந்தப் பீடச் சிறுவன் இன்று மருந்து உண்டு வருகிறான். குரல்கள் அடங்கிவிட்டன. தந்தையோடு மீண்டும் பேசுகிறான். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். படிப்பு திரும்பவில்லை, அவனுடைய தோழர்கள் எல்லாம் எங்கெங்கோ சென்றுவிட்டனர். மூன்று மாதத்தில் வந்திருந்தால் எல்லாம் வேறாக இருந்திருக்குமா? ஒருவனை வைத்து எந்த மருத்துவரும் அப்படி அறுதியிட்டுச் சொல்லமாட்டார். ஆனால் அவனுக்கு அந்த வாய்ப்பைத் தராமல் மூன்றாண்டுகளைப் பறித்தவர்களுள் நானும் ஒருவன். ஒப்புரவு அருட்சாதனத்தில் அதை நான் அறிக்கையிட்டிருக்கிறேன்; மன்னிப்பும் பெற்றிருக்கிறேன். பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழிதான் எனக்குத் தெரியவில்லை. இதை எழுதுவதன்றி வேறு பரிகாரம் காணேன்.

இன்றும் எங்கோ ஒரு வீட்டில் ஓர் அறைச் சன்னல் செய்தித்தாளால் மூடப்பட்டிருக்கிறது. கதவுக்கு வெளியே ஒரு தாய் சோற்றுத் தட்டோடு நிற்கிறாள். அந்த வீடு எதுவென்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு காலமாகத் தெரியும்?